கவாத்து

இருபத்திரண்டு வருஷம்
கவாத்து என்றால் எனக்குக் காலைதான்.
சிவகங்கை ஆயுதப்படை மைதானம்,
ஐந்தே முக்காலுக்குப் பனி காயாத புழுதி,
பூட்ஸ்கள் ஒன்றாய் விழும் சத்தம்.
ஒரு கால் பிந்தினால்
மொத்த வரிசைக்கும் இன்னொரு சுற்று.

இப்போது கல்லலுக்குத் தெற்கே
செம்புறாங்கல் தரையில் நாற்பத்தொரு கொய்யா.
லக்னோ நாற்பத்தொன்பது.
ரகத்தின் பெயரே
யாரோ ஒரு கான்ஸ்டபிளின் நம்பர் மாதிரி.
"புரட்டாசி பிறந்ததும் கவாத்து பண்ணிருங்க மேடம்,
மழைக்கு முந்தி"
என்றாள் தோட்டக்கலை ஆபீஸ் ஜோஸ்பின்.
சிரித்துவிட்டேன்.
மரங்களை யார் அணிவகுக்கச் சொல்வது?

முதல் நாள் வெட்டவே இல்லை.
கைவாளுக்கு அரம் போட்டேன்.
கத்தரியின் வில்லுக்குத் தேங்காய் எண்ணெய்.
பழைய காக்கிச் சட்டையின் கையைக் கிழித்து
ஸ்பிரிட்டில் நனைத்து வைத்தேன்:
ஒரு மரத்தின் நோயை இன்னொன்றுக்கு
வாள் சுமந்து போகக் கூடாதாம்.
பிளாஸ்டிக் வாளியில் மயில்துத்தம்
ராத்திரி முழுக்க நீலமாய்க் கிடந்தது.
விடிந்து சுண்ணாம்புப் பாலோடு கலந்து
வெங்காயம் நறுக்கும் கத்தியை முக்கி எடுத்தேன்.
செம்பு படிந்து சிவந்தால்
இன்னும் சுண்ணாம்பு வேண்டும் என்று அர்த்தம்.
மூன்றாம் தடவைதான்
கத்தி கத்தியாகவே வந்தது.

பிறகு பார்த்தேன்.
பார்ப்பதே ஒரு முழு நாள் வேலை.
எது எதை உரசுகிறது,
எது தரையை நோக்குகிறது,
எது அடியிலிருந்து கிளம்பி
யாருக்கும் பதில் சொல்லாமல்
நேரே மேலே போகிறது.
நடுவில் கைவிட்டால் இருட்டு.
மாவுப்பூச்சி விரலில் வெள்ளையாய் ஒட்டியது.

கானாடுகாத்தானில் ஒருமுறை
படப்பிடிப்புக்கு பந்தோபஸ்து.
ஹீரோ வரப் பதினோரு மணி.
வளவுத் தூணோரம் நின்றபடி
ஒரு சதுர வெயில்
மேற்குப் பத்தியிலிருந்து இறங்கி
நடுவுக்கு நகர்வதை
இரண்டு மணி நேரம் பார்த்தேன்.
அவ்வளவு பெரிய வீடு, நடுவே ஒன்றுமில்லை.
அந்த ஒன்றுமில்லாததால்தான்
சுற்றி நின்ற அத்தனை பேருக்கும் முகம் இருந்தது.
"நடுவைத் திறந்து விடுங்க" என்று ஜோஸ்பின் சொன்னது
வாளோடு ஏணியில் ஏறிய பிறகு புரிந்தது.

முதல் கிளை என் மணிக்கட்டுத் தடிமன்.
அடியில் பாதி அறுத்து, அப்புறம் மேலிருந்து;
இல்லாவிட்டால் பட்டை உரிந்து தொங்கும்.
அதில் ஆறு பிஞ்சு இருந்தது.
வரப்பில் ஆடுகளை நிறுத்திவிட்டு
"காய்க்கிற மரத்தப் போயி அடிக்கிறியே ராக்கு,
லத்திப் பழக்கம் போகலையா?" என்றார் சேவுகன்.
நான் பதில் சொல்லவில்லை.
சொல்லத் தெரியவில்லை என்பதுதான் நிஜம்.
ஆடுகள் தழையைத் தின்று முடிக்கிறவரை
அவரும் போகவில்லை.

கொய்யா பழைய கொம்பில் பூப்பதில்லை.
புதுத் தளிரில்தான் பூ;
வெட்டுப்பட்டால் சீக்கிரம் தளிர்.
இவ்வளவுதான் விஷயம்.
மைதானத்தில் எல்லாருக்கும் ஒரே அளவு.
இங்கே ஒன்பதாவதுக்கு ஒரு சாண்,
முப்பதாவதுக்கு வெறும் நுனி.
கிணற்றோர மரத்தில்
தையல்சிட்டு ஒன்று பருவம் தப்பி
இரண்டு இலையைச் சேர்த்துத் தைத்திருந்தது.
குறுக்குக் கிளை, சட்டப்படி போக வேண்டியது.
விட்டுவிட்டேன். ரிப்போர்ட் எழுத யாருமில்லை.

இன்றோடு இருபத்து மூன்று நாள்.
நாற்பது மரத்தில் எதிரெதிராய்
ஜோடி ஜோடியாய்ச் செந்துளிர்.
பதினேழாவதில் ஒன்றுமில்லை.
பென்ஷன் ஆபீஸில் அலையவிட்டுத் திருப்பியனுப்பிய
மத்தியானம் வெட்டியது அது.
எவ்வளவு வெட்டினேன் என்று கை அன்று கணக்கு வைக்கவில்லை.
பசை பூசிய முனைகள் நீலம் வெளுத்து நிற்கின்றன.

தினமும் போய் அதன் முன் நிற்கிறேன்,
விறைப்பாக.
வேறு எப்படி நிற்பதென்று தெரியவில்லை.
நேற்று முதல் தூறல்.
இன்று நகத்தால் பட்டையை லேசாய்க் கீறினேன்.
உள்ளே பச்சை மாதிரி இருந்தது.
ஜோஸ்பினுக்குப் போட்டோ அனுப்பியிருக்கிறேன்.
இன்னும் பார்க்கவில்லை.